சாம்பலில் மலர்ந்த முகம்

வாசல் கதவைப் பூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்புகிறீர்கள். பூட்டை ஒரு தரத்துக்கு இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறீர்கள். சாவிக் கொத்தை இடுப்பிலே செருகிக்கொள்கிறீர்கள். அல்லது கைப்பைக்குள் போட்டுக்கொள்கிறீர்கள். தெருமுனை திரும்புவதற்குள், "அடுப்பை அணைத்தோமா?" என்று ஒரு சந்தேகம் வந்துவிடுகிறது. பாதி வழியில் சாவி பத்திரமாக இருக்கிறதா என்று இன்னொரு முறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறீர்கள். தொட்டவுடன் மனசுக்கு ஒரு நிம்மதி.

திரும்பி வரும்போது சாவி மட்டும் இருந்து, வீடு இல்லாமற் போனால்?

"விளக்கு வைக்கிற நேரத்தில் இது என்ன பேச்சு!" என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். ஓர் ஊர் முழுவதற்கும் ஒரே நாளில் இந்தக் கதி நேர்ந்தது. அந்த ஊரின் பெயர், விதியின் வேடிக்கையைப் பாருங்கள், 'பாரடைஸ்'. அதாவது சொர்க்கம்!

சொர்க்கத்தில் தீ

அமெரிக்காவில், கலிபோர்னியா ராஜ்யத்தின் வடக்கே, ஸியெரா நெவாடா மலைத்தொடரின் அடிவாரத்தில் ஒரு மலை முகட்டின்மேல் அமைந்த ஊர் அது. ஓங்கி வளர்ந்த பைன் மரங்கள். அவற்றின் நிழலிலே மர வீடுகள். ஜனத்தொகை சுமார் 26,000. அவர்களில் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, மீதிக் காலத்தை அமைதியாகக் கழிக்கலாம் என்று வந்து குடியேறியவர்கள் அநேகம் பேர்.

2018-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி, வியாழக்கிழமை. பொழுது புலர்ந்துகொண்டிருந்த வேளை. மாதக்கணக்காக நல்ல மழை இல்லாமல் புல்லும் சருகும் சுக்காய்க் காய்ந்து கிடந்தன. மலைக்காற்று பேய்போல் வீசிக்கொண்டிருந்தது. ஊருக்குச் சில மைல் தூரத்தில், பள்ளத்தாக்கின் குறுக்கே செல்லும் மின்சாரக் கம்பியைத் தாங்கிய கோபுரம் ஒன்றில், ஏறக்குறைய நூறு வருஷத்துப் பழைய இரும்புக் கொக்கி ஒன்று தேய்ந்து தேய்ந்து அன்று அறுந்துபோயிற்று. கம்பி விழுந்து பொறி தெறித்தது. அந்த ஒரு கொக்கியை வேளையோடு மாற்றியிருந்தால் இந்தக் கதைக்கே இடமில்லை!

பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகள் போய்ச் சேரும் நேரத்துக்குள் தீ ஊருக்குள் நுழைந்துவிட்டது. காலை வேளை இருட்டாகிவிட்டது. ஊரை விட்டு இறங்குவதற்கு இருந்த சில சாலைகளிலும் கார்கள் நெருக்கியடித்து நின்றன. இரண்டு பக்கமும் மரங்கள் எரிந்துகொண்டிருக்க, காரைப் போட்டுவிட்டுக் கால்நடையாக ஓடியவர்களும் உண்டு. 85 பேர் மாண்டார்கள். பலர் ஓட முடியாத முதியவர்கள். ஒன்றரை லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. 18,000-க்கு மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. முழுவதும் அடங்குவதற்குப் பதினேழு நாட்கள் ஆயின. கலிபோர்னியாவின் சரித்திரத்திலேயே இத்தனை உயிரைக் குடித்த காட்டுத் தீ வேறு இல்லை.

நின்றது புகைபோக்கி

டிசம்பர் மாதம் நடுவிலேதான் ஊர் ஜனங்கள் எல்லோரும் திரும்பிப் போய்ப் பார்க்க முடிந்தது. அங்கே என்ன இருந்தது?

நம் பக்கத்து வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்பும் சிமென்டுமாக இருப்பவை. தீப்பிடித்தாலும் சுவராவது மிஞ்சும். அந்த மலைப்பிரதேசத்து வீடுகளோ பெரும்பாலும் மரச் சட்டங்களால் ஆனவை. குளிர் காய்வதற்காக வீட்டுக்குள் கணப்பு மூட்டுவார்கள் அல்லவா, அதன் புகை போவதற்கு வைத்த புகைபோக்கிதான் செங்கல்லால் கட்டியது. ஆகவே வீடெல்லாம் வெந்து தரைமட்டமானபோது புகைபோக்கிகள் மட்டும் தன்னந்தனியாக நின்றன. வாழ்நாள் முழுவதும் நெருப்பைத் தன்னிடமே வைத்துக் காத்த பகுதிதான் கடைசியில் மிஞ்சியது!

வந்தவர்கள் சாம்பலைச் சல்லடையில் சலித்துப் பார்த்தார்கள். கல்யாண மோதிரம் ஒன்று அகப்படாதா, பாட்டி வைத்திருந்த பீங்கான் கிண்ணத்தின் ஒரு துண்டாவது கிடைக்காதா என்ற ஆசை. சாப்பாடும் கம்பளியும் தங்குவதற்குக் கூடாரமும் தருவதற்குப் புண்ணியவான்கள் முன்வந்தார்கள். அதில் குறையில்லை. ஆனால், அத்தனை வீடுகள் எரிந்துபோனால் ஒவ்வொரு வீடும் ஒரு கணக்காகிவிடுகிறது. 'பதினெட்டாயிரத்தில் ஒன்று' என்கிறார்கள். எந்தப் பெண்மணிக்காவது தன் வீடு பதினெட்டாயிரத்தில் ஒன்றாக இருக்குமோ? அவளுக்கு அது ஒன்றேதான்.

மூன்று மணி நேரம்

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஷேன் கிராமர் என்று ஓர் ஓவியர். கேளிக்கைப் பூங்காக்களுக்குக் காட்சி ஜோடனைகள் செய்து கொடுப்பது அவருடைய தொழில். ஆனால் இளமையில் அவர் வளர்ந்தது பாரடைஸுக்கு மிக அருகிலுள்ள சிகோ நகரில். அந்தப் பக்கத்து நண்பர்கள் பலர் வீடிழந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர், தம்முடைய வீட்டில் எஞ்சி நின்ற புகைபோக்கியைப் படமெடுத்து இணையத்தில் போட்டிருந்தார். வெள்ளை வெளேரென்று நின்ற அந்தப் புகைபோக்கியைப் பார்த்தவுடன் ஓவியரின் கை துறுதுறுத்தது. நண்பரிடம் சம்மதம் கேட்டார். சம்மதம் கிடைத்தது.

2018-ம் ஆண்டின் கடைசி நாள். ஊரெல்லாம் புத்தாண்டுக்குத் தயாராகிக்கொண்டிருக்க, கிராமர் எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் வந்து அந்தச் சாம்பல் மேட்டில் நின்றார். கையில் கறுப்பு வர்ணம் பீச்சும் டப்பா. ஏறக்குறைய மூன்று மணி நேரம். அந்த வெள்ளைப் புகைபோக்கியில் ஒரு பெண்ணின் முகம் எழுந்தது. அவ்வளவுதான். சுற்றிலும் கரி, துரு, வளைந்த இரும்பு. நடுவிலே அந்த முகம்.

இங்கே உங்களில் சிலர் கேட்கலாம். "ஜனங்கள் வீடு வாசல் இழந்து தவிக்கிறார்கள். இந்தச் சமயத்தில் சித்திரம் ஒரு கேடா? 'எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம்' என்பதுபோல, ஊரார் துக்கத்தில் தனக்குப் பெயர் தேடிக்கொள்கிறாரா?"

நியாயமான கேள்விதான். பதிலை அந்த ஊர்க்காரர்களே சொல்லிவிட்டார்கள். படத்தைக் கண்டவர்கள் கண்ணீர் விட்டார்கள். வேறு ஊர்களில் சிதறிக் கிடந்தவர்களும் இணையத்தில் பார்த்துவிட்டு ஓவியருக்கு எழுதினார்கள். ஊரை இடிபாடாகவே பார்த்துப் பார்த்து மரத்துப்போன கண்கள், அங்கே அழகான ஒன்றைக் கண்டதும் அழத் தெரிந்துகொண்டன. எரிகிற வீட்டில் பிடுங்குகிறவர்கள் உண்டு. இவரோ எரிந்த வீட்டில் ஒன்றைக் கொண்டுபோய் வைத்தார்.

அதன்பிறகு கிராமர் மறுபடியும் மறுபடியும் வந்தார். சில மாதங்களுக்குள் பத்துக்கு மேற்பட்ட சுவர்களில் சித்திரம் எழுதிவிட்டார். எரிந்துபோன ஒரு தேவாலயத்தில் மிஞ்சிய சுவரிலே ஏசுநாதரின் முகம். வேறோரிடத்தில் ஒரு குழந்தையின் முகம். இன்னோரிடத்தில், அந்தத் தீயிலேயே உயிர் நீத்த ஒரு மூதாட்டியின் முகம். மலைக் காட்சி, பூக்கொத்து என்று அவர் எழுதியிருக்கலாம். முகங்களையே ஏன் எழுதினார் என்பதை யோசித்துப் பார்த்தால் விஷயம் விளங்குகிறது. "இங்கே ஒரு வீடு இருந்தது" என்று சொல்வதற்கு ஒரு புகைபோக்கி போதும். "இங்கே ஒருத்தி இருந்தாள்" என்று சொல்வதற்கு ஒரு முகம் வேண்டியிருக்கிறது.

இடிக்கப்போகும் சுவர்

இதிலே ஒரு சங்கடமும் இருந்தது. அந்தச் சுவர்கள் நிற்கப்போகிறவை அல்ல.

வீடுகள் எரிந்த சாம்பல் சாதாரணச் சாம்பல் அன்று. பழைய வர்ணத்திலிருந்த ஈயம், கட்டடச் சாமான்களிலிருந்த ஆஸ்பெஸ்டாஸ் எல்லாம் அதிலே கலந்திருந்தன. காற்றில் பறந்தாலும், மழையில் கரைந்து ஓடையில் சேர்ந்தாலும் ஆபத்து. ஆகவே உடம்பு முழுவதையும் மூடும் உடுப்பணிந்த ஆட்கள் வீடு வீடாகப் போய்க் குப்பையை அகற்றினார்கள். புகைபோக்கிகளையும் மிச்சச் சுவர்களையும் இடித்தார்கள். 2019-ம் ஆண்டு முழுவதும் நடந்த அந்த வேலையில் 36 லட்சம் டன்னுக்கு மேல் வாரி எடுத்தார்களாம். ஊர் மறுபடி எழும்ப வேண்டுமானால் இடிபாடு போகத்தான் வேண்டும். இடிபாட்டோடு அதிலே எழுதிய சித்திரமும் போகத்தான் வேண்டும். ஓவியருக்கும் அது தெரியும், வீட்டுக்காரருக்கும் தெரியும்.

"அழியப்போவதற்கு ஏன் இத்தனை பாடு?" என்று உங்களிடம் யாராவது கேட்டால், நீங்கள் சிரிப்பீர்கள். தினம் விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவர்கள் அல்லவா நீங்கள்? பால்காரன் மிதிப்பான், பிள்ளைகள் சைக்கிளை ஏற்றுவார்கள், மத்தியானத்துக்குள் பாதி கலைந்துவிடும் என்று தெரிந்துதானே புள்ளி வைக்கிறீர்கள்? இந்த வீட்டிலே மனிதர் இருக்கிறார்கள், பொழுது நன்றாக விடிந்தது என்று தெருவுக்குச் சொல்லிவிட்டால் கோலத்தின் வேலை முடிந்தது. அந்தச் சுவர்ச் சித்திரங்களும் அதைத்தான் செய்தன. தங்கள் வேலையை முடித்துக்கொண்டுதான் போயின.

பதினெட்டாயிரம் சாவிகள்

சுவர்ச் சித்திரம் போய்விட்டது. நிலைத்து நிற்கும்படியாக ஒன்று வேண்டாமா? அதற்கு வழி கண்டவர் ஒரு பெண்மணி.

ஜெஸ்ஸி மெர்ஸர் என்பது அவர் பெயர். சித்திரமும் கைவேலையும் கற்றுக் கொடுத்து, அதன் வழியாக மனம் நொந்தவர்களைத் தேற்றும் வித்தையில் பயிற்சி பெற்றவர். தீயிலிருந்து தப்பி வந்த அவருடைய தகப்பனாரின் கையிலே மிஞ்சியிருந்தவை சாவிகள். வீடு இல்லை, வீட்டுச் சாவி இருந்தது. அதைப் பார்த்ததும் மகளுக்கு ஒரு யோசனை பிறந்தது. இவர் ஒருவரிடம் மட்டுமா? உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய அத்தனை பேரிடமும் இப்படிச் சாவிகள் இருக்குமே!

பல ஊர்களில் பெட்டிகள் வைத்தார். உபயோகமற்றுப்போன சாவிகளைப் போடும்படி கேட்டுக்கொண்டார். வந்து குவிந்தன பாருங்கள்! வீட்டுச் சாவி, கார்ச் சாவி, கடைச் சாவி, பள்ளிக்கூடத்துச் சாவி, தேவாலயத்துச் சாவி என்று 18,000-க்குக் குறையாமல் சேர்ந்தன. எரிந்த கட்டடங்களின் தொகையும் ஏறக்குறைய அவ்வளவே என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அத்தனையையும் கொண்டு மெர்ஸர் ஒரு பீனிக்ஸ் பறவையை உருவாக்கினார். எரிந்து சாம்பலாகி, அந்தச் சாம்பலிலிருந்தே மறுபடி பிறக்கும் என்று கிரேக்கர் கதைகளில் வரும் பறவை அது. தீ வந்து சரியாக ஒரு வருஷம் நிறைந்த 2019 நவம்பர் 8-ந் தேதி, பாரடைஸில் அந்தப் பறவையின் திரை விலகியது. அத்தனை இறகும் சாவிகள்! அவற்றின் நடுவே தங்கள் சாவி எங்கே இருக்கிறது என்று ஜனங்கள் தேடினால் அதில் ஆச்சரியம் உண்டா? திறப்பதற்குக் கதவு இல்லாத சாவியை வீசி எறியவும் மனம் வராது. வைத்துக்கொண்டு தினம் பார்க்கவும் முடியாது. அந்தச் சங்கடத்துக்கு அந்தப் பெண்மணி ஓர் இடம் பண்ணிக் கொடுத்தார்.

நீதி ஸ்தலத்தில் முகங்கள்

கொக்கி அறுந்ததே, அதைப் பராமரிக்க வேண்டிய கம்பெனிக்கு ஒன்றும் இல்லையா என்று கேட்பீர்கள். 2020 ஜூன் மாதம் வழக்கு நடந்தது. பசிபிக் காஸ் அண்டு எலெக்ட்ரிக் என்ற அந்த மின்சாரக் கம்பெனியின் தலைமை அதிகாரி நீதிபதியின் முன் நின்றார். 84 பேரின் மரணத்துக்காகக் குற்றச்சாட்டு. ஒவ்வொருவர் பெயராக வாசித்தார்கள். பெயரோடு அவரவர் புகைப்படமும் திரையில் தோன்றியது. ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, "குற்றவாளி" என்று 84 தடவை அவர் ஒப்புக்கொண்டார். சட்டப்படி அபராதம், ஓர் உயிருக்குப் பதினாயிரம் டாலர். கம்பெனியைச் சிறையில் போட முடியாதே!

அபராதத் தொகையைக் கேட்டு வயிறெரிகிறது. ஆனாலும், அந்தச் சபையிலும் கணக்கை ஒரே மூச்சில் வாசித்து முடித்துவிடாமல், முகம் முகமாகக் காட்டினார்களே, அது பெரிய காரியம். புகைபோக்கியின்மேல் ஓவியர் செய்ததும் இதுவேதான்.

2020-ம் ஆண்டுக் குடிக்கணக்கில் பாரடைஸின் ஜனத்தொகை 4,764-ஆகச் சுருங்கியிருந்தது. பிறகு மெல்ல மெல்ல ஜனங்கள் திரும்பினார்கள். மின்சாரக் கம்பிகளைப் பூமிக்கடியில் புதைக்கும் வேலை நடந்தது. அபாயச் சங்கு ஊதுவதற்கு ஊரெங்கும் கோபுரங்கள் நாட்டினார்கள். புது வீடுகள் எழுந்தன. புது வீடு என்றால் புதுப் பூட்டு. புதுப் பூட்டு என்றால் புதுச் சாவி.

நாளைக்கு நீங்கள் வெளியே கிளம்பும்போது பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பாருங்கள், தப்பில்லை. சாவியைத் தொட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது, உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கும்: ஆணியில் மாட்டிய படம், பாட்டியின் பித்தளைக் கூஜா, கொடியில் காயும் துணி. அதைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றுவிட்டு அடுப்பங்கரைக்குப் போங்கள். அடுப்பு அணைந்துதான் இருக்கும்.