வெட்டுக்கு முன், வெட்டுக்குப் பின்

சுரண்டை காய்கறி மார்க்கெட்டில் கேரளத்துக்குப் போகும் லாரிகளில் மூட்டை ஏறிக்கொண்டிருக்கும்போது, கமிஷன் கடைச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைக்கும் விவசாயியிடம் நிதானமாகப் பேசலாம். அதே ஆளிடம் ஒரு மாதம் முன்னால், காய் பறிக்காத நேரத்தில் பேச்சுக் கொடுத்தால் பாதிக் கேள்வி காதில் விழாது. அடகில் இருக்கும் நகை, உரக்கடை பாக்கி, வட்டித் தேதி எல்லாம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். கை வறண்டால் புத்தியும் மந்தமாகும் என்று ஊரில் சொல்வதுண்டு. அதைச் சோதித்துப் பார்க்க முடியுமா?

பார்த்திருக்கிறார்கள், தமிழ்நாட்டுக் கரும்புக்காட்டிலேயே. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வரின் ஆய்வு 2013 ஆகஸ்டில் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளை வெட்டுக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் சந்தித்தார்கள்.

சோதனை எளிமையானது. தாளில் ‘5 5 5’ என்று இருக்கும். எத்தனை எண்கள் என்று கேட்பார்கள். மூன்று என்பது பதில். அவசரத்தில் நாக்கு ‘அஞ்சு’ என்றுதான் ஆரம்பிக்கும். அதை அடக்கி மாற்றிச் சொல்ல மனம் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். எழுத்துப் பழக்கம் இல்லாதவருக்கும் எண் தெரியும் என்பதால் இந்த ஏற்பாடு. இதோடு, விடுபட்ட துண்டைக் கண்டுபிடிக்கும் ரேவன் படப் புதிர்களும் இருந்தன. எண் சோதனையை முடிக்க வெட்டுக்கு முன் சராசரியாக 146 விநாடி ஆனது, பின்பு 131. புதிர்களிலும் அதே ஆட்கள்தான் பிந்தைய சந்திப்பில் கூடுதலாகச் சரியான விடை சொன்னார்கள். வெட்டுக்கு முன் 78 சதவீதம் பேர் ஏதாவது ஒரு பொருளை அடகு வைத்திருந்தார்கள். பின்பு அது 4 சதவீதம்.

இதில் ரசிக்க வேண்டியது எண்களைவிட ஏற்பாட்டை. ஏழையையும் பணக்காரனையும் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டால் படிப்பு, சாப்பாடு, வளர்ப்பு எல்லாம் குறுக்கே வரும். இங்கே ஒருவரை அவரோடேயே ஒப்பிட்டார்கள். வெயில், மழை, திருவிழாதான் காரணமோ என்று கேட்கவும் இடமில்லை. வெட்டும் தேதியை ஆலை முறைவைத்துப் பல மாதங்களுக்குப் பரப்பித் தருவதால், ஒரே வாரத்தில் ஒருவர் வெட்டி முடித்திருப்பார், இன்னொருவர் காத்திருப்பார். இரண்டாம் தடவை என்பதால் பழகிவிட்டதோ என்ற சந்தேகத்துக்கும் வழி வைத்திருந்தார்கள்: 100 பேரை முதலில் தொடாமல் விட்டு, வெட்டுக்குப் பிறகுதான் முதல்முறையாகச் சோதித்தார்கள். வாசுதேவநல்லூர்ப் பக்கம் கரும்பு போட்டவர்களுக்கு இந்த முறைவைப்பின் எரிச்சல் தெரியும். அந்த எரிச்சலே ஆய்வாளருக்கு வசதியாகப் போனது!

விமர்சனம் வராமல் இல்லை. நியூஜெர்சி வணிக வளாகத்தில் இதே குழு நடத்திய துணைச் சோதனைகளின் கணக்கீட்டை வேறு ஆய்வாளர்கள் அதே ‘சயின்ஸ்’ இதழிலேயே கேள்வி கேட்டார்கள். ஆனால் நியாயம் என்ற கணக்கில் பார்த்தால், கரும்புக்காட்டில் யாரும் யாரையும் ஏழையாக்கவில்லை, பதறவைக்கவில்லை. ஆண்டுதோறும் தானாக வரும் நெருக்கடிக்காக ஆய்வாளர்கள் காத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

மதுரைப் பக்கம் நடந்தது வேறு வகை. டான் ஏரியலி, யூரி நீசி, ஜார்ஜ் லோவன்ஸ்டீன், நினா மசார் குழு 87 கிராமவாசிகளுக்கு ஆறு விளையாட்டுகள் வைத்தது. உருளும் குண்டைக் குழியில் விழாமல் நகர்த்துவது, கேட்ட எண்களின் கடைசி மூன்றைச் சொல்வது, இப்படி. விளையாட்டு ஒன்றுக்கு உச்சப் பரிசு சிலருக்கு 4 ரூபாய், சிலருக்கு 40, சிலருக்கு 400. ஆறிலும் ஜெயித்தால் 2,400 ரூபாய். அன்றைக்கு அது கிராமத்து ஆள் ஒருவரின் ஏறக்குறைய அரை ஆண்டுச் செலவு. 2009-ல் வெளியான முடிவு: 400 ரூபாய்க்கு ஆடியவர்கள்தான் மற்ற எல்லோரையும்விட மோசமாக ஆடினார்கள்.

முதலில் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு, தோற்கத் தோற்கத் திரும்ப வாங்குவது என்றுதான் திட்டம் போட்டிருந்தார்களாம். ஒருவர் பணத்தோடு ஓடிவிட்டதால் கைவிட்டதாக ஏரியலி பின்னர் தன் புத்தகத்தில் எழுதினார். படிப்பவர் சிரிப்பார். ஓடியவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. அரை ஆண்டுச் செலவை உள்ளங்கையில் வைத்துவிட்டு, குண்டு குழியில் விழுந்ததும் பிடுங்குவது எந்த ஊர் நியாயம்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் இந்த இடத்தில்தான் கை வைக்கின்றன. பங்கேற்பவருக்குச் செலவும் ஈட்டுத்தொகையும் தரலாம். ஆனால் யோசிக்கவிடாமல் இழுக்கும் தொகையாக அது இருக்கக் கூடாது. விவரத்தை அவர் மொழியில் சொல்ல வேண்டும். படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால் நடுநிலையான சாட்சி பக்கத்தில் இருக்க வேண்டும். அனுமதி தரும் குழுவில் துறை சாராத, எழுதப் படிக்கத் தெரிந்த பொதுஜனம் ஒருவரும் உட்கார வேண்டும்.

சுரண்டைக் கமிஷன் கடையில் கணக்கு எழுதும் ஒருவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்து, 400 ரூபாய் விளையாட்டின் தாளை நீட்டினால் அவர் என்ன கேட்பார்? ‘இதுக்கு ஏன் எங்க ஊரு?’ என்றுதான் ஆரம்பிப்பார். பதிலில் ஒளிவுமறைவு இல்லை: இங்கே சின்னத் தொகையே பெரிய தொகை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்களிடம் அதே குழு வைத்த இன்னொரு சோதனையில், ஒரு வேலைக்கான உச்சப் பரிசு 300 டாலர்.