இடுப்பு நோயும் கைப்பேசித் துணையும்

4 முதல் 8 வயது வரையுள்ள சிறுவர் சிலர், பெரும்பாலும் ஆண்பிள்ளைகள், அடிபடாமலே நொண்டுவதுண்டு. முழங்கால் நோகின்றது என்பர். நோய் இருப்பதோ இடுப்பு மூட்டில். தொடையெலும்பின் தலைக்குக் குருதியோட்டம் தடைப்பட, எலும்பு நலிந்து, மீண்டும் உருப்பெறச் சில ஆண்டுகள் செல்லும். 1910 இல் இதனை விளக்கியோருள் ஜேர்மன் வைத்தியர் பேர்த்தெஸ் ஒருவர். அவர் பெயரே நிலைத்தது. தென்னிந்திய மேற்குக் கரையில், உடுப்பிப் பகுதியில், இந்நோய் மிகுதியெனக் கண்டனர்.

அத்தனை ஆண்டும் பிள்ளையை ஆஸ்பத்திரியில் வைத்திருத்தல் இயலுமா? மூட்டு இறுகாதிருக்க வீட்டிலே பயிற்சி வேண்டும். ஓட்டமும் குதிப்பும் சிலகாலம் ஆகா. ஏன் என்று கேட்கும் பிள்ளைக்கு விடை கூறுதல் எளிதன்று. இங்கிலாந்து ஆய்வாளர், சிறுவரையும் பெற்றோரையும் கேட்டறிந்து, நோயை விளக்கிப் பயிற்சிக்கு வழிகாட்டும் கைப்பேசிச் செயலியொன்றை ஆக்க முற்பட்டனர். அளவெட்டிச் சிறுவனொருவனுக்கு இத்தகையது பயன்படவேண்டின் தமிழில் அமைதல் வேண்டும். நம்போன்ற ஆசிரியரின் செந்தமிழ் அதற்கு உதவாது, "காலை மடக்கு மோனை, நோகுதோ?" என்று அது கேட்கவேண்டும்.