ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை

வளர்ந்த ஒருவரின் உடலில் ஓடும் 5 லிட்டர் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு தெரியுமா? ஒரு தேக்கரண்டி அளவுதான்! இன்சுலின் இந்த அளவு மிஞ்சாமல் காக்கிறது.

இரவு உணவுக்குப்பின் வெறும் வயிற்றோடு காலையில் சோதித்தால், 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 70 முதல் 99 மில்லிகிராம் வரை இருப்பது இயல்பு. 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126ஐத் தொட்டால் மருத்துவர் மறுபடி சோதித்து, நீரிழிவா என்று உறுதி செய்வார்.

காரைக்கால் கோவில்பத்து அடங்கிய புதுச்சேரிப் பிரதேசத்தில், 20 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 26 பேருக்கு நீரிழிவு என்று 2023இல் வெளியான தேசிய ஆய்வு கூறுகிறது. பலருக்கு அறிகுறியே தெரியாது. ஆகவே வீட்டுப் பெரியவர்களைச் சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்களுக்கே ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத மெலிவு தோன்றினால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். வாந்தியும் மூச்சு வாங்குதலும் சேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.