சேர்ப்பது சுலபம், பிரிப்பது கடினம்

ஈரோட்டிலிருந்து பல ஊர்களுக்குத் துணி அனுப்பும் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பில் போடுவது டேலியில். சேல்ஸ்மேன்கள் கொண்டுவரும் ஆர்டர்கள் எக்செல் ஷீட்டில். ஆன்லைன் விற்பனைக்குத் தனிக் கணக்கு. டெலிவரிக்குப் போகிறவர்களின் கைபேசியில் இன்னொரு முகவரிப் பட்டியல். ஒரே ஜவுளிக்கடை இந்த நாலு இடத்திலும் நாலு பெயரில் இருக்கும்: ஒன்றில் கடைப்பெயர் முழுதாக, ஒன்றில் 'டெக்ஸ்' என்று சுருக்கி, ஒன்றில் முதலாளியின் பெயரில், ஒன்றில் ஊர்ப்பெயரோடு. அந்தப் பார்ட்டியின் பாக்கி எவ்வளவு என்று கேட்டால் நாலு விடை வரும். இந்தச் சிக்கலைத் தீர்த்துவைப்பதாகச் சொல்லித்தான் டேட்டாவைச் சுத்தப்படுத்தி ஒன்றிணைக்கும் சாஃப்ட்வேர்களை விற்கிறார்கள். டெமோவில் ஒரு பட்டனைத் தட்டியதும் பத்தாயிரம் பெயர்கள் ஏழாயிரமாகச் சுருங்கும். பார்க்கிறவருக்கு அங்கேயே மனசு கரைந்துவிடும். ஆனால் எவ்வளவு சுருங்கியது என்பதை வைத்து அதன் தரத்தை அளக்க முடியாது. எதைச் சேர்க்கத் தயங்கியது, சேர்த்ததற்குக் காரணம் சொல்கிறதா, தப்பாகச் சேர்த்ததைப் பிரித்துத் தருமா என்ற மூன்றையும் பார்த்துத்தான் பணம் கட்ட வேண்டும்.

காரணம் இருக்கிறது. இந்த வேலையில் தவறு இரண்டு வகையாக நேரும். ஒரே ஆளை இரண்டு பேராக விட்டுவிடுவது ஒன்று, இரண்டு பேரை ஒரே ஆளாக்கிவிடுவது மற்றொன்று. முதல் தவறால் ஒரே வீட்டுக்கு இரண்டு தீபாவளி வாழ்த்து போகும். கொஞ்சம் கவனம் தப்பினால் ஒரே கடைக்கு இரண்டு மடங்கு கடன் வரம்பு கிடைத்துவிடும். நஷ்டம்தான், என்றாலும் கண்டுபிடித்த அன்றைக்கே சரிசெய்துவிடலாம். இரண்டாவது தவறு அப்படிப்பட்டதில்லை. ஒருவர் கட்டிய பணம் இன்னொருவர் கணக்கில் வரவாகும். வாங்காத சரக்குக்கு நிலுவை கேட்டு ஆள் போவார். அதற்குமேல் ஆறு மாதம் பில்லும் ரசீதும் அந்த ஒரே கணக்கில் ஏறிவிட்டால் எது யாருடையது என்று பிரித்தெடுக்க வழியே இருக்காது. கனடாவின் அரசுப் புள்ளியியல் துறையில் வேலை பார்த்த இவான் ஃபெலேகி, ஆலன் சன்டர் என்ற இருவர் பதிவுகளை இணைப்பதற்கான கணிதத்தை 1969-இல் வெளியிட்டார்கள். பதிவுகளை ஜோடி ஜோடியாக எடுத்து மூன்று குவியலாகப் பிரிக்கச் சொன்னது அவர்களுடைய முறை: இணைக்கலாம், இணைக்கக் கூடாது, மனிதர் பார்த்துச் சொல்ல வேண்டும். அரை நூற்றாண்டு கடந்தும் இந்தத் துறையின் அடித்தளம் அதுதான். மூன்றாவது குவியலே இல்லாமல் எல்லாவற்றையும் தானே முடித்துத் தருவதாகச் சொல்லும் சாஃப்ட்வேர், சந்தேகத்தைத் தீர்ப்பதில்லை. நமக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறது.

'இது ஒரே பார்ட்டியா?' என்ற கேள்விக்கு எல்லா நேரத்திலும் ஒரே விடை கிடையாது என்பதையும் யோசிக்க வேண்டும். ஜிஎஸ்டி எண்ணையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலக் குறியீடு. தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32. அடுத்த பத்தும் பான் எண். பதின்மூன்றாவது, அதே பான் எண்ணில் அந்த மாநிலத்தில் எடுத்த எத்தனையாவது பதிவு என்பதைக் காட்டும். கடைசி எழுத்து, முன்னால் இருப்பவை சரியாக அடிக்கப்பட்டனவா என்று சோதிக்கும் எழுத்து. கோவையிலும் பாலக்காட்டிலும் கிளை வைத்திருக்கும் ஒரு கடைக்கு நடுவில் உள்ள பான் எண் ஒன்றே, முன்னால் உள்ள மாநிலக் குறியீடு வேறு. கடன் வரம்பு போடும்போது இரண்டும் ஒரே பார்ட்டிதான். பில் போடும்போது இரண்டும் வேறு வேறு: கோவைக்கு மத்திய, மாநில வரிகள் பாதிப் பாதி, பாலக்காட்டுக்கு ஒருங்கிணைந்த வரி. இரண்டையும் ஒரே கணக்காக்கும் சாஃப்ட்வேர் கடன் கணக்கை ஒழுங்காக்கி வரிக் கணக்கைக் குட்டிச்சுவராக்கும். தனித்தனிப் பதிவாகவே வைத்து, இவை ஒரே உரிமையாளருடையவை என்று மேலே ஒரு முடிச்சு போடத் தெரிந்த சாஃப்ட்வேர்தான் இங்கே உதவும். எங்கே முடிச்சு, எங்கே இணைப்பு என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் வியாபாரம் தெரிந்தவர். அந்தத் தீர்மானத்தை எந்தக் கம்பெனியும் பெட்டிக்குள் வைத்து விற்க முடியாது.

பெயர்களுக்கு வந்தால் தமிழ்நாட்டு வியாபாரிக்குத் தனிச் சிரமங்கள் உண்டு. ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களைக் கண்டுபிடிக்க இன்றும் பல சாஃப்ட்வேர்களில் இருக்கும் சவுண்டெக்ஸ் முறை, 1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. ஆங்கிலப் பெயர்களுக்காகப் பிறந்தது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை நீக்கிவிட்டு, மிச்சத்துக்கு எண் போடுவது அதன் வழி. ஆங்கிலத்தில் எழுதிய மணி, மீனா, மோகன் மூவருக்கும் அது தரும் குறியீடு ஒன்றே: எம்500. அதே முறையில், குழலி என்ற பெயரின் ழகரத்துக்கு ஒருவர் 'இசட் எச்' போட்டும் இன்னொருவர் 'எல்' போட்டும் எழுதினால் ஒரே குழலி இரண்டு ஆளாகிவிடுவார். தமிழிலேயே எழுதி வைத்தால் பிரச்சினை தீருமா என்றால், அதுவும் இல்லை. 'கொ' என்ற எழுத்தில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், முன்னால் ஒரு கொம்பு பின்னால் ஒரு கால் என்று இரண்டு குறியாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. இதைச் சீர்செய்யும் முறை யூனிகோடிலேயே இருக்கிறது, நல்ல சாஃப்ட்வேர் அதைச் செய்துவிடும். 'ஸ்ரீ' கதை வேறு. அதை 'ஸ்' கொண்டும் அமைக்கலாம், 'ஶ்' கொண்டும் அமைக்கலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். யூனிகோடின் சீரமைப்பு இவற்றை ஒன்றாக்காது. நாமாக ஒரு விதி எழுதினால்தான் உண்டு. கடைப்பெயர்களில் பாதிக்கு முன்னால் 'ஸ்ரீ' நிற்கும் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

எனவே டெமோவுக்கு வருகிறவர் தன் லேப்டாப்பில் கொண்டுவரும் மாதிரி டேட்டாவைப் பார்த்து முடிவெடுப்பது வீண். தேர்வுத்தாளை நாமே தயாரிக்க வேண்டும். நம் கணக்கிலிருந்து ஐந்நூறு பதிவுகள் போதும், ஆனால் நல்லவையாகப் பொறுக்கக் கூடாது. இனிஷியலை முன்னால் போட்டவர், பின்னால் போட்டவர். ஒரே கைபேசி எண் கொடுத்த அண்ணன் தம்பி. ஒரே தெருவில் ஒரே பெயரில் உள்ள இரண்டு கடைகள். ஓர் இடத்தில் திருச்சி, இன்னோர் இடத்தில் திருச்சிராப்பள்ளி. ஓர் இலக்கம் குறைந்த பின்கோடு. மேலே சொன்ன இரண்டு வகை 'ஸ்ரீ' என்று தேடி எடுத்துச் சேர்க்க வேண்டும். கணக்கும் வாடிக்கையாளர்களும் அத்துபடியான ஒருவர் எது எதோடு சேரும் என்று கையால் விடை எழுதி வைக்கட்டும். விடையைக் காட்டாமல் பதிவுகளை மட்டும் கொடுத்து சாஃப்ட்வேரை ஓட்டச் சொல்லி, இரண்டு வகைத் தவறுகளையும் தனித்தனியாக எண்ண வேண்டும். கூட்டிப் போட்டு 'தொண்ணூறு சதவீதம் சரி' என்று சொன்னால் ஏற்கக் கூடாது. விட்டுப்போன முப்பது ஜோடியும் தப்பாகச் சேர்ந்த முப்பது ஜோடியும் சமமல்ல. அடுத்து, தப்பாகச் சேர்ந்த ஒன்றைக் காட்டி 'இதை இப்போது பிரியுங்கள்' என்று சொல்ல வேண்டும். அந்த இடத்தில் தடுமாறும் பொருளை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

'இவ்வளவு எதற்கு, எக்செல் போதாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி, பல சிறு நிறுவனங்களுக்குப் போதும். எக்செல் 2016 முதல் அதற்குள்ளேயே இருக்கும் பவர் குவெரி, செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் படிப்படியாக எழுதி வைக்கிறது. மூல டேட்டாவைத் தொடுவதில்லை. அடுத்த மாதம் புதிய ஷீட் வந்தால் அதே படிகளை மறுபடி ஓட்டலாம். செய்ததற்குத் தடயம் வைக்கும் குணம் அதற்கு ஓரளவு உண்டு. ஆபத்து, ஷீட்டை நேரடியாகத் திறந்து கையால் திருத்துவதில்தான். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை எண்ணாக ஏற்றினால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும். 12/3 என்ற பில் எண் தேதியாகிவிடும். உயிரியல் ஆய்வாளர்களின் பட்டியல்களில் இப்படி மரபணுப் பெயர்கள் தேதிகளாக மாறிக்கொண்டே இருந்ததால், 2020-இல் பெயரிடும் சர்வதேசக் குழு மரபணுக்களின் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. சாஃப்ட்வேர் கேட்காமல் செய்யும் உதவி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

ஒரு சாஃப்ட்வேரை இன்னொன்றோடு இணைக்கும் வேலையிலும் கேட்காமல், சொல்லாமல் எதுவும் நடக்கக் கூடாது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு டேட்டா போகும்போது எத்தனை வரிசை கிளம்பியது, எத்தனை போய்ச் சேர்ந்தது, எது எதற்காக நிராகரிக்கப்பட்டது என்று சாஃப்ட்வேர் கணக்குக் காட்ட வேண்டும். 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்று முடிவுகள் அன்றாடக் கணக்கில் ஏறாமல் போயின. பரிசோதனைக் கூடங்களின் கோப்புகளைப் பழைய எக்செல் வடிவத்துக்கு மாற்றினார்கள். அந்த வடிவம் 65,536 வரிசைக்குமேல் தாங்காது. மிச்சத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டது. தொற்று உறுதியானவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணி அதனால் தாமதமாயிற்று. கோப்பு 'எரர்' என்று நின்றிருந்தால் யாராவது அன்றைக்கே கவனித்திருப்பார்கள். தோற்றுப்போனால் உரக்கச் சொல்லும் சாஃப்ட்வேரே நமக்கு வேண்டியது.

பெரிய கம்பெனியின் பொருளை வாங்கிவிட்டால் நிம்மதி என்பது அடுத்த வாதம். இலவசமாகக் கிடைப்பதை எடுத்துக்கொண்டால் செலவு மிச்சம் என்பது அதற்கு எதிர்வாதம். இரண்டுக்கும் அண்மைக்கால வரலாறு ஒரே பதிலைத் தருகிறது. டேட்டாவை இணைக்கப் பல நிறுவனங்கள் நம்பியிருந்த, டேலண்ட் கம்பெனியின் இலவச ஓப்பன் ஸ்டுடியோ, அந்தக் கம்பெனியை கிளிக் நிறுவனம் வாங்கிய பிறகு, 2024 ஜனவரி 31-ஓடு நிறுத்தப்பட்டது. பல்கலைக்கழக ஆய்விலிருந்து வளர்ந்த டிரைஃபேக்டா என்ற டேட்டா சுத்தப்படுத்தும் கம்பெனியை 2022-இல் ஆல்டெரிக்ஸ் நிறுவனம் வாங்கிக்கொண்டது. மாறாக, கூகுள் 2012-இல் கைவிட்ட ரிஃபைன் என்ற டேட்டா சுத்தப்படுத்தும் கருவி, ஓப்பன்ரிஃபைன் என்ற பெயரில் தன்னார்வலர்களின் கையில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. நம் கம்ப்யூட்டரிலேயே இயங்கும். ஒத்த பெயர்களைக் கூட்டம் கூட்டமாகக் காட்டி, சேர்க்கலாமா என்று நம்மைக் கேட்கும். செய்த மாற்றங்களின் பட்டியலைக் கோப்பாக எடுத்துக்கொள்ளவும் விடும். விலையைவிடவும் பெயரைவிடவும் முக்கியமானது, நாம் எழுதிய விதிகளையும் இணைத்த முடிவுகளையும் வெளியே எடுத்துப் போக முடியுமா என்பது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் டேட்டாபிரெப் ஆனாலும், வெளிநாட்டுப் பொருள் எதுவானாலும் அந்தக் கேள்வியிலிருந்து விலக்கு கிடையாது.

இப்போது புதிதாக எழும் வாதம், செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்பது. எழுத்து வேறுபாடுகளை ஊகிப்பதில் அது பழைய முறைகளைவிடக் கெட்டிக்காரத்தனமானது என்பதை மறுக்க வேண்டியதில்லை. கோவையும் கோயம்புத்தூரும் ஒன்று என்று அதற்கு யாரும் விதி எழுதித் தர வேண்டாம். ஆனால் ஒரே கேள்விக்கு எல்லா நாளும் ஒரே பதில் வரும் என்ற உறுதி அதில் இல்லை. அது சொல்லும் காரணம், உண்மையில் முடிவெடுத்த காரணமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அண்ணன் தம்பி ஒரே போன் எண்ணைக் கொடுத்திருக்கும் செய்தி அதற்கு எங்கிருந்து தெரியும்? யோசனை சொல்லட்டும், கணக்கை மாற்றும் அதிகாரம் மனிதரிடம் இருக்கட்டும். சட்டமும் அந்தப் பக்கம்தான் நகர்கிறது. ஒருவரைப் பற்றி முடிவெடுக்கப் பயன்படும் தகவல் முழுமையாகவும் சரியாகவும் இருப்பதை உறுதிசெய்யும் பொறுப்பை, 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவலை வைத்திருக்கும் நிறுவனத்தின் மேல் வைக்கிறது. திருத்தக் கேட்கும் உரிமையைச் சம்பந்தப்பட்டவருக்குத் தருகிறது. 'சாஃப்ட்வேர் சேர்த்துவிட்டது' என்பது அங்கே பதிலாகாது.

இத்தனை சோதனைக்குச் சிறு வியாபாரிக்கு நேரம் ஏது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. ஐந்நூறு பதிவுக்குக் கையால் விடை எழுதுவது ஒருவருக்குச் சில நாள் வேலை. அந்த நேரம் வீண் போகாது. தேர்வு முடியும்போது எந்தச் சாஃப்ட்வேர் என்பதோடு, அழுக்கு எந்த வாசலில் நுழைகிறது என்பதும் தெரிந்துவிடும். புதுப் பார்ட்டியைச் சேர்க்கும்போதே ஜிஎஸ்டி எண்ணையும் கைபேசி எண்ணையும் கட்டாயமாக்கி, புதுக் கணக்குத் திறக்கும் அதிகாரத்தை ஒரே ஆளிடம் கொடுத்தால் பாதி டூப்ளிகேட் பிறக்கவே பிறக்காது. சில நிறுவனங்களுக்கு அதோடு தேவை முடிந்துவிடும். இருக்கும் எக்செல்லே மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். அதற்குமேலும் தேவைப்படுகிறவர்கள், சந்தேகக் குவியலைத் தினமும் பார்த்து முடிவு சொல்லப்போகிறவர் யார் என்று முதலில் பெயர் குறித்து வைத்துக்கொண்டு, அப்புறம் விலை பேசப் போகலாம். அந்த ஆளின் சம்பளத்தைச் சேர்க்காமல் போடும் சாஃப்ட்வேர் பட்ஜெட் பாதிக் கணக்குதான்.