மலைச் சாலையும் தங்கும் விடுதிகளும்: மாதேஸ்வரன் மலைக்கு ஒரு போக்குவரத்துக் கணக்கு

புதிய கட்டடம் ஒன்று எழும்பும்போது அதன் சுவர்களும் கூரையுமே கண்ணுக்குப் புலனாகின்றன. அக்கட்டடத்தினால் சாலையின் மீது ஏறும் சுமை உடனே தெரிவதில்லை. பல்கலைக்கழகம் ஒன்றின் அருகே பழைய மாணவர் விடுதியை அகற்றி, அதனினும் பெரிய விடுதி கட்டப்படுவதாக வைத்துக்கொள்வோம். அறைகள் இரட்டித்தால் அச்சாலையில் வாகனங்களும் இரட்டிக்கும் என்றே பலரும் எண்ணுவர். ஆனால் அவ்வாறே நிகழும் என்பதற்கில்லை. விடுதியில் வாழும் மாணவர்கள் வகுப்புக்கு நடந்தே செல்வர். அவர்களே நகரின் மறுகோடியில் குடியிருந்தால், நாள்தோறும் இரு முறை பஸ்ஸிலோ ஸ்கூட்டரிலோ அதே சாலையைக் கடப்பர். ஆகவே, விடுதி சில பயணங்களைத் தோற்றுவிக்கிறது. சில பயணங்களை நீக்குகிறது. இவ்விரண்டையும் தனித்தனியே கணித்து ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்ப்பதே போக்குவரத்து மதிப்பீட்டின் சாரமாகும்.

இம்முறை நகரங்களுக்கு மட்டும் உரியதன்று. மக்கள் கூடும் இடத்தின் அருகே தங்குமிடம் அமைக்கப்படும்போதெல்லாம் இதே வினா எழுகிறது. யாத்திரைத் தலங்களில் அது மேலும் கூர்மை பெறுகிறது. கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலை இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டு.

தலமும் அதன் சாலைகளும்

கர்நாடகத்தின் தென்கிழக்கு எல்லையில், தமிழ்நாட்டை ஒட்டிய மலைத்தொடரின் நடுவே இத்தலம் அமைந்துள்ளது. மைசூரிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இப்பகுதி முன்னர் மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1997ஆம் ஆண்டு அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது சாமராஜநகர் மாவட்டத்தில் அடங்கியது. மகாசிவராத்திரி, யுகாதி, தீபாவளி ஆகிய விழாக்களின்போதும் அமாவாசை நாட்களிலும் யாத்திரிகர் பெருந்திரளாகக் கூடுகின்றனர். கன்னட நாட்டவரேயன்றி, சேலம், ஈரோடு, தர்மபுரி மாவட்டங்களைச் சேர்ந்த தமிழ் மக்களும் இங்கு வருகின்றனர்.

மலையை அடைய இரண்டு முக்கிய வழிகள் உள்ளன. ஒன்று கொள்ளேகாலிலிருந்து ஹனூர் வழியாக மலையடிவாரமாகிய தாளபெட்டாவை அடைந்து, அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது. மற்றொன்று மேட்டூரிலிருந்து பாலாறு வழியாக வருவது. தாளபெட்டாவிலிருந்து மலை வரை கால்நடையாகச் செல்லும் பக்தர்களும் பலர்.

இரு வழிகளும் காட்டினூடே செல்கின்றன. இக்காடு 2013ஆம் ஆண்டு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 906 சதுர கிலோமீட்டர். அதனைச் சூழ்ந்து பிலிகிரி ரங்கசுவாமி கோயில் புலிகள் காப்பகமும், சத்தியமங்கலம் புலிகள் காப்பகமும், காவிரி வனவிலங்குச் சரணாலயமும் உள்ளன. ஆகவே இது தனித்து நிற்கும் காடன்று. யானைக் கூட்டங்கள் ஒரு காட்டிலிருந்து மற்றொரு காட்டுக்குச் செல்லும் நீண்ட வழியின் ஒரு பகுதியாகும்.

தலத்தின் வளர்ச்சிப் பணிகளுக்கெனத் தனி ஆணையம் ஒன்று 2013ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஏற்படுத்தப்பட்டது. பக்தர்களின் எண்ணிக்கை பெருகப் பெருகத் தங்குமிடங்களும் பெருகுவது இயல்பே. அவற்றால் மலைச் சாலைக்கு விளையும் பலன் என்ன என்பதை அளந்தறிவது எவ்வாறு?

சாலை எவ்வளவு தாங்கும்?

சாலையில் பலவகை வாகனங்கள் செல்வதால் அவற்றை வெறுமனே எண்ணிக் கூட்டுவதில் பயனில்லை. ஒரு பஸ் அடைத்துக்கொள்ளும் இடம் வேறு. ஒரு ஸ்கூட்டர் அடைத்துக்கொள்ளும் இடம் வேறு. எனவே பொறியியலார் ஒரு மோட்டார் காரை அலகாகக் கொண்டு மற்ற வாகனங்களை அதற்கு ஈடாக மாற்றுகின்றனர். 1934ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற இந்தியச் சாலைகள் காங்கிரஸ், நகர்ப்புறமல்லாத சாலைகளுக்கென 1990ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி நெறிகளின்படி, இருசக்கர மோட்டார் வாகனம் அரை அலகு. கார் ஓர் அலகு. பஸ்ஸும் லாரியும் மூன்று அலகு. டிராக்டரும் டிரெயிலரும் சேர்ந்து நாலரை அலகு. மாட்டு வண்டி எட்டு அலகு. மெதுவாகச் செல்லும் வண்டி அதிக அலகு பெறுவதற்குக் காரணம், பின்னால் வருவனவற்றையும் அது தடுத்து நிறுத்துவதேயாகும்.

அதே நெறிகளின்படி, சமவெளியில் வளைவு குறைந்த இருவழிச் சாலை ஒரு நாளைக்கு 15,000 அலகுகளைச் செவ்வனே தாங்கும். மலைப் பகுதியில் வளைவு மிகுந்த இருவழிச் சாலைக்கு இந்த அளவு 5,000 அலகே. அதாவது, ஒரே அகலமுள்ள சாலை மலையில் மூன்றிலொரு பங்கு வேலையையே செய்கிறது. கொண்டை ஊசி வளைவில் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்ற அளவில் அடங்கிவிடுகிறது. நீண்ட பஸ் ஒன்று அங்குத் திரும்பும்போது பெரும்பாலும் சாலை முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. எதிரே வருபவர் காத்திருக்க நேரிடுகிறது. ஆகவே மலைச் சாலையின் திறனை அதன் அகன்ற பகுதி நிர்ணயிப்பதில்லை. மிக நெருக்கடியான வளைவே நிர்ணயிக்கிறது.

ஓர் உதாரணக் கணக்கு

மலைமீது 200 அறைகள் கொண்ட விடுதி ஒன்று கட்டப்படுவதாகக் கற்பனை செய்வோம். அறைக்கு நால்வர் வீதம் 800 பேர் தங்குவர். அவர்கள் அனைவரும் காருக்கு நால்வராக வந்தால் 200 கார்கள். அதாவது 200 அலகுகள். பைக்குக்கு இருவராக வந்தால் 400 பைக்குகள். அவையும் 200 அலகுகளே. பஸ்ஸுக்கு 50 பேராக வந்தால் 16 பஸ்கள். 48 அலகுகள் மட்டுமே. அறைகளின் எண்ணிக்கை மாறாதிருக்கவும், சாலையின் சுமை நான்கு மடங்குக்கு மேல் வேறுபடுவதைக் காண்கிறோம்.

இனி இரண்டாவது படி. இந்த 800 பேரில் பாதிப்பேர் விடுதி இல்லாவிடினும் மலைக்கு வந்து அன்று மாலையே திரும்பியிருப்பர் எனக் கொள்வோம். அவர்களால் புதிய பயணம் எதுவும் ஏற்படவில்லை. பயணத்தின் நேரமே மாறுகிறது. எஞ்சிய 400 பேர் அறை கிடைக்கும் என்பதனாலேயே வருபவர்கள். புதிய சுமை இவர்களால் ஏற்படுவதே. இவர்கள் காரில் வந்தால் ஏறுவதற்கும் இறங்குவதற்குமாக 200 அலகுகள். பஸ்ஸில் வந்தால் 48 அலகுகள். இவற்றுடன் விடுதிக்குத் தேவையான உணவுப் பொருள்கள், எரிவாயு, ஊழியர் வருகை, குப்பை அகற்றுதல் ஆகியவற்றுக்கான வாகனங்களையும் சேர்க்கவேண்டும். இவை விழா நாள், வெறு நாள் என்ற வேறுபாடின்றி நாள்தோறும் ஓடுபவை.

நிறுத்துமிடமும் கணக்கில் சேரும். ஒரு காரை நிறுத்தவும் திருப்பவும் ஏறத்தாழ 23 சதுர மீட்டர் வேண்டும். 200 கார்களுக்கு 4,600 சதுர மீட்டர். இது ஓர் ஏக்கருக்கும் அதிகம். மலையுச்சியில் சமதளமான ஓர் ஏக்கர் நிலம் எளிதில் கிடைப்பதன்று. பஸ்ஸோ யாத்திரிகரை இறக்கிவிட்டுச் சென்றுவிடும்.

இரு வாகனங்களுக்கு இடையிலுள்ள நேரம்

200 அலகுகள் என்பது 5,000 அலகுகளில் இருபத்தைந்திலொரு பங்குதானே, அதனால் கேடென்ன என்று கேட்கலாம். அவை நாள் முழுவதும் பரவிச் சென்றால் கேடில்லை. ஆனால் விடுதிகளில் அறையைக் காலிசெய்யும் நேரம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். 200 கார்களும் ஒரே மணி நேரத்தில் இறங்கினால், 18 விநாடிக்கு ஒரு கார் வீதம் செல்லும். 400 பைக்குகளாயின் 9 விநாடிக்கு ஒன்று. 16 பஸ்களாயின் 3 நிமிடம் 45 விநாடிக்கு ஒன்று.

காட்டுச் சாலையில் இந்த இடைவெளியே முக்கியமானது. குட்டியுடன் கூடிய யானைக் கூட்டம் சாலையைக் கடக்கச் சில நிமிடங்களேனும் வேண்டும். 18 விநாடி இடைவெளியில் அது கடக்க இயலாது. காத்து நிற்கும், அல்லது மிரளும். அலகுக் கணக்கில் பைக்குகளும் கார்களும் சமமாயினும், இடைவெளிக் கணக்கில் பைக்குகள் இரு மடங்கு தடையாகின்றன. விலங்கு எதிர்ப்பட்டால் பைக்கில் செல்பவருக்குப் பாதுகாப்பும் இல்லை. சாலையோரம் நடந்து செல்லும் பக்தருக்கும் இந்த இடைவெளியே மூச்சுவிடும் நேரம். ஆதலால் நகரச் சாலைக்கு அலகுக் கணக்கு போதுமெனினும், சரணாலயச் சாலைக்கு அது மட்டும் போதாது.

விடுதியினால் விளையக்கூடிய நன்மையையும் இங்குக் குறிப்பிடவேண்டும். தங்குமிடம் கிடைக்காத யாத்திரிகர் மாலை வழிபாட்டுக்குப் பின் இருளில் மலையிறங்குகிறார். அதுவே விலங்குகள் நடமாடும் நேரம். ஓட்டுநர் களைத்திருக்கும் நேரமும் அதுவே. ஓரிரவு தங்கிக் காலையில் இறங்குவாராயின் இந்த ஆபத்து நீங்குகிறது. எனவே விடுதி நல்லதா தீயதா என்ற பொது வினாவுக்கு விடையில்லை. எத்தனை பேர், எந்த வாகனத்தில், எந்த மணியில் என்னும் மூன்றுக்கும் விடை கண்ட பின்னரே தீர்ப்புக் கூற இயலும்.

பிற மலைகளின் அனுபவம்

சாமராஜநகர் மாவட்டத்திலேயே பந்திப்பூர்ச் சாலைகளில் 2009ஆம் ஆண்டு முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துக் கட்டுப்படுத்தப்பட்டது. 27 கொண்டை ஊசி வளைவுகளையுடைய திம்பம் மலைச் சாலையில், சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2022ஆம் ஆண்டு பிப்ரவரி 10 முதல் இரவுத் தடை விதிக்கப்பட்டது. இவை நேரத்தைக் கட்டுப்படுத்தும் முறை.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024ஆம் ஆண்டு மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என வரம்பு விதிக்கப்பட்டது. இது எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் முறை.

திருமலையில் 1944ஆம் ஆண்டு முதல் மலைச் சாலையும், 1974ஆம் ஆண்டு இரண்டாம் சாலையும் திறக்கப்பட்டன; ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு மற்றொன்று என ஏற்பட்டது. சபரிமலையில் 2018ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் நிலக்கல் முதன்மைத் தளமாக்கப்பட்டு, அங்கிருந்து பம்பைக்குத் தொடர் பஸ்கள் விடப்பட்டன. சரணாலயத்தினுள் இரண்டாவது சாலை அமைப்பது எளிதன்று. ஆனால் அடிவாரத்தில் வாகனங்களை நிறுத்தி மேலே பஸ்ஸில் அனுப்பும் முறை, மேற்கண்ட கணக்குடன் மிகவும் பொருந்துகிறது.

பஸ் கட்டணமும் இக்கணக்கை மாற்றவல்லது. கர்நாடகத்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பஸ் பயணத் திட்டம் 2023ஆம் ஆண்டு ஜூன் 11 அன்று தொடங்கியது. இத்தகைய மாற்றத்துக்கு முன் எடுத்த எண்ணிக்கையைக் கொண்டு பின்வரும் ஆண்டுகளை மதிப்பிடுவது தவறாக முடியும்.

களப்பணியாளர் கவனத்துக்கு

நகர்ப்புறமல்லாத சாலைகளில் ஆண்டுக்கு இரு முறை, ஒவ்வொரு முறையும் தொடர்ந்து ஏழு நாட்கள், இரவு பகலாக 24 மணி நேரமும் எண்ணுவது வழக்கமான நெறி. யாத்திரைத் தலத்துக்கு இது போதாது. சாதாரண வாரநாள், அமாவாசை நாள், பெருவிழா நாள் ஆகிய மூன்றையும் தனித்தனியே எண்ணவேண்டும். இவற்றின் சராசரி எந்த ஒரு நாளின் உண்மையையும் காட்டாது.

குறிப்பேட்டில் வாகன வகைகளுடன் நடந்து செல்வோருக்கும் ஒரு பத்தி ஒதுக்கவேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை கோடிட்டுக் கூட்டவேண்டும். ஒவ்வொரு வாகனத்திலும் உள்ளோர் எத்தனை பேர் என்பதையும் மாதிரியாகச் சிலவற்றில் குறித்துக்கொள்வது இன்றியமையாதது. எண்ணும் இடம் மலைமேல் ஒன்று, தாளபெட்டாவில் ஒன்று, பாலாற்றுப் பக்கம் ஒன்று என மூன்றாக அமைதல் நலம். யாத்திரிகரிடம், 'அறை கிடைத்திராவிடில் என்ன செய்திருப்பீர்கள்?' என்ற ஒரே கேள்வியைக் கேட்டால், மதிப்பீட்டின் கடினமான பகுதி எளிதாகிவிடும்.

20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டடப் பரப்புள்ள திட்டங்களுக்கு 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி முன் அனுமதி தேவை. ஆனால் சிறு விடுதிகள் பல தனித்தனியே எழும்போது ஒவ்வொன்றும் வரம்புக்குள் அடங்கியிருக்கும்; அவற்றின் கூட்டுச் சுமையைத் தாங்குவதோ ஒரே சாலை. ஆகவே கணக்கு கட்டடந்தோறும் அமைவதைவிடச் சாலைக்கென ஒன்றாக அமைவதே பொருத்தம்.

பள்ளியில் ஒரு பயிற்சி

ஆசிரியர்கள் இதனை எளிதில் வகுப்புக்குக் கொண்டுவரலாம். பள்ளி வாயிலில், சாலையினின்றும் விலகிய பாதுகாப்பான இடத்தில் மாணவரை அமர்த்தி, காலையில் ஒரு மணி நேரம் வாகனங்களை எண்ணச் செய்க. அவற்றை அலகுகளாக மாற்றுக. அடுத்தடுத்த வாகனங்களுக்கு இடைப்பட்ட விநாடிகளைக் குறிக்கச் செய்து, சிறு குழந்தை ஒன்று சாலையைக் கடக்கும் நேரத்துடன் ஒப்பிடுக. பின்னர், 'நம் பள்ளியில் இன்னும் நூறு மாணவர் சேர்ந்தால் என்ன நேரும்? அவர்கள் நடந்து வந்தால்? காரில் வந்தால்?' என வினவுக. கூட்டல், வகுத்தல், சராசரி ஆகிய பாடங்கள் இதில் அடங்கியுள்ளன; குடிமைப் பாடமும் அடங்கியுள்ளது.

மாதேஸ்வரன் மலைக்கு வருவோர் குறையப்போவதில்லை. சாலையின் வளைவுகளும் யானைகளின் வழிகளும் மாறப்போவதில்லை. மாற்றக்கூடியவை மூன்றே: மக்கள் வரும் வாகனம், வரும் நேரம், தங்கும் இடம். இம்மூன்றையும் ஒருசேர எண்ணிப் பார்த்த பின் கட்டடத்துக்கு அடித்தளம் இடுவதே, பக்தருக்கும் ஓட்டுநருக்கும் காட்டுயிருக்கும் நலம் பயப்பதாகும்.