சூயசு நெருக்கடி: பொருளாதார நலனும் படைத்தலையீடும்

வல்லரசுகளின் வெளியுறவுக் கொள்கையில் பொருளாதார நலனும் படைத்தலையீடும் ஒன்றுக்கொன்று மாற்றான வழிகளாகவே பெரும்பாலும் வகைப்படுத்தப்படுகின்றன. 1956ஆம் ஆண்டின் சூயசு நெருக்கடி இவ்வகைப்பாட்டின் போதாமையை உணர்த்துகிறது.

சூலை 26 அன்று எகிப்திய அதிபர் நாசர் சூயசுக் கால்வாய் நிறுவனத்தை நாட்டுடைமையாக்கினார். அந்நிறுவனப் பங்குகளில் ஏறத்தாழ 44 விழுக்காடு பிரித்தானிய அரசிடம் இருந்தது. மேற்கு ஐரோப்பாவுக்கான எண்ணெயில் பெரும்பகுதியும் அக்கால்வாய் வழியாகவே சென்றது. இந்நலனைக் காக்கவும் நாசரை வீழ்த்தவும் பிரிட்டன், பிரான்சுடனும் இசுரேலுடனும் மறைவாக உடன்பட்டுப் படையெடுத்தது. எகிப்தோ கப்பல்களை மூழ்கடித்துக் கால்வாயை அடைத்தது. காக்க முனைந்த வழியே படையெடுப்பின் விளைவாக மூடுண்டது.

அதே வேளையில் பவுண்டின் மீதான நம்பிக்கை சரிந்தது. அதன் மாற்று மதிப்பைத் தாங்கிய டாலர் இருப்பும் கரைந்தது. பன்னாட்டு நாணய நிதியத்தின் உதவிக்கு அமெரிக்காவின் ஆதரவு தேவைப்பட்டது. ஐசனோவர் அரசு படைவிலக்கத்திற்கு முன் அதனை வழங்க மறுத்தது. நவம்பர் 6 அன்று பிரிட்டன் போர்நிறுத்தத்திற்கு இசைந்தது. படைவிலக்கத்திற்கு உடன்பட்ட பின்னரே, திசம்பரில் 56 கோடி டாலர் கிடைத்தது.

ஆக, பிரிட்டனைப் போருக்குச் செலுத்தியதிலும் அதிலிருந்து திருப்பியதிலும் பொருளாதார நலனுக்குப் பங்குண்டு. எனவே, ஒரு வல்லரசு நலனை நாடுகிறதா, படையை நாடுகிறதா என்பதைவிட, அப்படையின் செலவைத் தாங்கும் நாணயம் யாருடைய ஆதரவில் நிற்கிறது என்பதே ஆய்வில் முதலில் எழுப்பத்தக்க வினாவாகும்.