கார்வியின் கப்பலும் புதுப்பாளையத்து ராட்டையும்

1925-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் காந்தி ஆசிரமத்தை ஆரம்பித்தார். அதே மாதத்தில் அமெரிக்காவில் மார்க்கஸ் கார்வி என்ற கறுப்பர் தலைவர் அட்லாண்டா சிறைக்குள் அடைபட்டார். இரு முயற்சிகளுக்கும் அடிப்படை ஒன்றே: தாழ்த்தப்பட்ட ஜனங்கள் பிறர் தயவுக்குக் காத்திராமல் தங்கள் கையையே நம்புதல்.

1887-இல் ஜமைக்காத் தீவில் பிறந்த கார்வி, அச்சுத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கியவர். 1914-இல் தமது சங்கத்தை நிறுவி, 1916-இல் அமெரிக்கா சென்றார். ஆப்பிரிக்காவிலும் அமெரிக்காவிலும் தீவுகளிலும் சிதறுண்ட கறுப்பர் அனைவரும் ஒரே ஜாதியார். விண்ணப்பம் எழுதுவோருக்கு மரியாதை கிட்டாது. சொந்தத்தில் பத்திரிகையும் தொழிற்சாலையும் கப்பலும் வேண்டும் என்பது அவர் போதனை. 1919-இல் 'கறுப்பு நட்சத்திர'க் கப்பல் கம்பெனி பிறந்தது. பங்கு ஒன்றுக்கு ஐந்து டாலர். கறுப்பர் மட்டுமே வாங்கலாம். ஏழை உழைப்பாளிகள் சேமித்த காசு வந்து குவிந்தது.

தமிழருக்கு இது புதுமையன்று. 1906-இலேயே தூத்துக்குடியில் ஸ்ரீ வ.உ. சிதம்பரம் பிள்ளை 25 ரூபாய்ப் பங்குகளால் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டார். அதனை அன்னியக் கம்பெனியின் போட்டியும் ஸர்க்காரின் அடக்குமுறையும் சேர்ந்து வீழ்த்தின. கார்வியின் கம்பெனியையோ பெரும்பாலும் அதன் நிர்வாகமே வீழ்த்திற்று. முதலில் வாங்கிய 'யார்மவுத்' கப்பல், கார்வி பிறந்த வருஷத்திலேயே கட்டப்பட்ட பழங்கலம்! பழுது பார்க்கும் செலவு பங்குப் பணத்தை விழுங்கியது. 1922-இல் கம்பெனி நின்றது.

ஆயினும் அவர்மீது நடந்த வழக்கு நீதிக்கு அழகு சேர்ப்பதன்று. தபால் மூலம் மோசடி என்பது குற்றச்சாட்டு. 1923-இல் அவரைத் தண்டிக்க உதவிய முக்கிய சாட்சியம், உள்ளே கடிதமில்லாத ஒரு வெற்று உறை! உடன் நிறுத்தப்பட்ட மூவர் விடுதலையாயினர். அவருக்கு மட்டும் ஐந்தாண்டு. வக்கீலை நீக்கிவிட்டுத் தாமே வாதாடியது பெரும் பிசகு. தொழில் அபிமானத்தால் மட்டும் நாம் இதைச் சொல்லவில்லை. 1927-இல் நாடு கடத்தப்பட்டு, 1940-இல் லண்டனில் மாண்டார். அமெரிக்க ஜனாதிபதியின் மன்னிப்பு 2025 ஜனவரியில்தான் வந்தது. அவர் விதை வீணாகவில்லை: 1957-இல் விடுதலை பெற்ற கானாவின் கொடியில் கறுப்பு நட்சத்திரம் ஏறிற்று.

ஆனால் கார்வியின் ஐக்கியத்தில் ஒரு விரிசல் இருந்தது. கலப்பற்ற இரத்தத்தைப் பெருமையாகப் பேசினார். கறுப்பரிலேயே நிறம் வெளுத்தவரைச் சந்தேகித்தார். 1922-இல் வெள்ளை வெறியரான கூ கிளக்ஸ் கூட்டத்தின் தலைவரையே சந்தித்துப் பேசினார். தம்மவரை ஒன்றுசேர்க்கப் புறப்பட்டவர், தம்மவருக்குள்ளேயே தரம் பிரித்தார். நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுவே.

புதுப்பாளையத்தில் கப்பல் இல்லை, ராட்டைதான். நிலம் உதவியவர் ஜமீன்தார் ரத்தினசபாபதிக் கவுண்டர். மழை பொய்க்கும் அந்தப் புன்செய்க் காட்டில், நூற்ற நூலுக்குக் கூலி என்பது அடுப்பெரிய உதவியது. அதைவிட முக்கியம், தீண்டாதார் என ஒதுக்கப்பட்டோரும் ஆசிரமத்தில் உடனிருந்து உழைத்தார்கள் என்பது. கதர் இலாபம் தருமா என்று கேட்பவர்கள் இதைக் கணக்கில் எழுதுவதில்லை.

1997-இல் நாமக்கல் தனி ஜில்லாவாயிற்று. லாரியும் கோழிப்பண்ணையும் விசைத்தறியுமாக இச்சமவெளி சொந்த முயற்சியால் செழித்துவிட்டது, சங்கங்களும் பெருகிவிட்டன. அச்சங்கங்களின் அங்கத்தினர் ஜாபிதாவை எடுத்து, எந்தெந்தத் தெருக்காரர்களின் பெயர்கள் அதில் இல்லை என்று நேயர்கள் ஒருமுறை பார்க்க வேண்டுகிறோம்.